ஐயாயிரம் ரூபாயில் முதல் பென் டேப்லெட்: லேப்டாப்பிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தது. சுருக்கம் இதுதான்: "மகள் பதினொன்றாம் வகுப்பு. எந்த நோட்டைத் திறந்தாலும் கடைசிப் பக்கங்களில் படம்தான். கம்ப்யூட்டரில் வரைய டேப்லெட் வேண்டும் என்கிறாள். 5,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். வீட்டில் இருப்பது அவள் அண்ணன் படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப். திருநெல்வேலியில் ஒரு கடையில் விசாரித்தால், இன்னும் கொஞ்சம் போட்டு ஆண்ட்ராய்டு டேப் வாங்குங்கள், அதிலேயே வரையலாம் என்கிறார்கள். எதை வாங்க? அந்தப் பழைய லேப்டாப் தாங்குமா?"

அண்ணாச்சி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டு டேப் இப்போது வேண்டாம். உங்கள் பணத்துக்கு ஏற்றது திரை இல்லாத சின்ன பென் டேப்லெட். வரையும் பரப்பு 6 இன்ச் அகலம், 4 இன்ச் உயரம் இருந்தால் போதும். யுஎஸ்பி வயரில் லேப்டாப்போடு மாட்ட வேண்டும். பேனா பலகையில் ஓடும், கோடு லேப்டாப் திரையில் விழும். ஒன் பை வாகாம் சின்ன அளவு, ஹுயான் எச்640பி, எக்ஸ்பி-பென் ஸ்டார் ஜி640, காமோன் எஸ்620 ஆகியவை இந்த வகை. விலை ஏறக்குறைய 3,000 முதல் 5,000 ரூபாய்க்குள் ஏறி இறங்கும். நான்கில் எது என்று கேட்டால், அதை முடிவு செய்ய வேண்டியது வீட்டிலிருக்கும் லேப்டாப்தான். அதன் திரை எவ்வளவு பெரிது, ரேம் (வேலை நடக்கும்போது கம்ப்யூட்டர் பயன்படுத்தும் நினைவகம்) எவ்வளவு என்பது தெரியாமல் பலகை வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது மாதிரி.

அதற்கு முன் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். "வரைகிற டேப்லெட்" என்று கடையில் கேட்டால் மூன்று வேறு சாமான்களைக் காட்டுவார்கள். ஒன்று, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எல்சிடி எழுது பலகை. கறுப்புத் தாளில் பச்சைக் கோடு விழும், ஒரு பட்டனை அழுத்தினால் மொத்தமும் அழிந்துபோகும். அதைக் கம்ப்யூட்டரில் மாட்டவே முடியாது. சின்னப் பிள்ளைகள் ஆனா ஆவன்னா எழுதிப் பழக நல்லது. இரண்டாவது, போன் திரையில் வரையச் சொல்லி விற்கும் ரப்பர் முனைப் பேனா. போனுக்கு அதுவும் விரலும் ஒன்றுதான். மெல்லத் தொட்டாலும் அழுத்திப் போட்டாலும் கோடு ஒரே தடிமன்தான் வரும். மூன்றாவதுதான் உங்களுக்குக் காட்டிய ஆண்ட்ராய்டு டேப்.

பத்து இன்ச் டேப்பில் வரைய முடியாதா என்றால், பேனாவோடு வரும் டேப்பில் நன்றாகவே வரையலாம். சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட் 2020-ல் வந்தது, பேனா பெட்டிக்குள்ளேயே இருக்கும். அதன் கண்ணாடிக்குக் கீழே பேனாவை உணர்கிற தனி அடுக்கு உண்டு. விலை உங்கள் பட்ஜெட்டைப் போலப் பல மடங்கு. ஐபேட் என்றால் ஆப்பிள் பென்சிலைத் தனியாக வாங்க வேண்டும். பத்து பன்னிரண்டாயிரத்துக்கு விற்கும் சாதாரண டேப்களில் அந்த அடுக்கு பெரும்பாலும் இருக்காது. கடைக்காரர் கூடவே ஒரு பேனா கொடுத்தாலும் அது மேலே சொன்ன ரப்பர் முனைப் பேனாவின் அண்ணன்தான். படம் பார்க்கவும் பாடம் படிக்கவும் அந்த டேப் உதவும். அழுத்தம் தெரிந்து கோடு தடிப்பதும் மெலிவதும் அதில் நடக்காது.

பென் டேப்லெட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் பிறகு வரும் கோளாறு பாதி புரிந்துவிடும். பலகைக்குள் மெல்லிய கம்பிச்சுருள்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவை ஒரு மின்காந்தப் புலத்தை எழுப்பும். பேனாவுக்குள் இருக்கும் சின்னச் சுருள் அதிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு பதில் சிக்னல் அனுப்பும். அதனால்தான் பேனாவுக்கு பேட்டரியோ சார்ஜோ தேவையில்லை. முனை பலகையைத் தொடும் முன்பே, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரத்திலேயே, திரையில் அம்புக்குறி நகரத் தொடங்கும். பேட்டரி போடும் பேனாவோடு பழைய மாடல்கள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. எடை கூடுதல், பேட்டரி தீரும்போது அழுத்தம் தாறுமாறாகும். அவற்றை எடுக்காதீர்கள்.

இனி லேப்டாப்புக்கு வருவோம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரி என்ற இடத்தில் ரேம் எத்தனை ஜிபி என்று இருக்கும். அரசு லேப்டாப் திட்டம் 2011-ல் தொடங்கியது. ஆரம்ப வருடங்களில் வந்தவற்றில் 2 ஜிபி, பின்னால் வந்தவற்றில் 4 ஜிபி ரேம் இருப்பது வழக்கம். இந்த எண் படத்தில் எங்கே இடிக்கும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். ஏ4 தாளை அச்சுத் தரத்தில், அதாவது 300 டிபிஐயில் (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) திறந்தால் 2480க்கு 3508 பிக்சல். படத்தை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் மாதிரி வரைவோம், ஒவ்வொரு தாளும் ஒரு லேயர். ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் ஒரு லேயர் ஏறக்குறைய 35 எம்பி. பென்சில் கோட்டுக்கு ஒன்று, மைக் கோட்டுக்கு ஒன்று, தோல், தலைமுடி, உடை, நிழல், பின்னணி என்று 20 லேயர் போட்டால் 700 எம்பி. செய்த வேலையைத் திரும்பப் பெற கண்ட்ரோல் இசட் அழுத்துகிறோமே, அந்த அன்டூவுக்கான நினைவும் இதற்கு மேல் சேரும். 2 ஜிபி ரேமில் பாதிக்கு மேல் விண்டோஸே தின்றுவிடும். கோடு பேனாவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வருவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். பழி மட்டும் பலகை மேல் விழும்.

ஆனால் பழகுவதற்கு ஏ4 அச்சுத் தரம் தேவையே இல்லை. 1920க்கு 1080 பிக்சலில் ஒரு லேயர் 8 எம்பிதான். 4 ஜிபி லேப்டாப்பில் பிரவுசரை மூடிவிட்டு இந்த அளவில் பத்து லேயர் வரை நிம்மதியாக வரையலாம். எனவே 4 ஜிபி என்றால் தாங்கும். 2 ஜிபி என்றால், முதலில் லேப்டாப் சர்வீஸ் கடையில் காட்டி இன்னொரு ரேம் போட இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பலகைக்கு 3,500, மீதி ரேமுக்கு என்று பிரித்துக்கொள்வது 5,000-க்கும் பலகை வாங்குவதைவிடப் புத்திசாலித்தனம்.

செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் பக்கத்தில் விண்டோஸ் 64 பிட்டா 32 பிட்டா என்பதையும் பாருங்கள். இலவச மென்பொருள்களில் வரைவதற்கு மிகச் சிறந்தது கிரிட்டா. காசு, சந்தா, விளம்பரம் எதுவும் கிடையாது. ஆனால் அதன் புதிய பதிப்புகள் 32 பிட்டில் ஓடாது. கிரிட்டா திணறினால் மெடிபாங் பெயின்ட், ஃபயர்அல்பாகா இரண்டும் இலவசம், எடையும் குறைவு. லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டிருந்தால் வாகாம் பலகைக்கான டிரைவர் (பலகையை லேப்டாப்புக்குப் புரியவைக்கும் மென்பொருள்) லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது, மாட்டியதும் வேலை செய்யும். மற்ற கம்பெனிப் பலகைகளுக்கு மாடலைப் பொறுத்துக் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கும்.

அடுத்தது திரை அளவு. பெரிய பலகை வாங்கினால் பெரிய ஓவியராகலாம் என்று நினைத்துப் பத்து இன்ச்சுக்கு ஆசைப்படுவார்கள். கணக்கைப் பாருங்கள். 14 இன்ச் லேப்டாப் திரையின் அகலம் 31 செ.மீ. வாகாம் சின்னப் பலகையின் வரையும் அகலம் 15.2 செ.மீ. கை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் திரையில் கோடு 2 செ.மீ. ஓடும். இது கைக்குப் பழகிவிடும். அதே பலகையை 24 இன்ச் மானிட்டரில் மாட்டினால், அதன் அகலம் 53 செ.மீ. என்பதால் ஒரு சென்டிமீட்டருக்கு 3.5 செ.மீ. ஓடும். விரல் நுனியில் வரும் சின்ன நடுக்கம்கூடத் திரையில் மூன்றரை மடங்காகத் தெரியும். அங்கேதான் 10 இன்ச் அகலமுள்ள எக்ஸ்பி-பென் டெகோ 01 வி2 போன்றவை தேவைப்படுகின்றன. அதில் விகிதம் மறுபடியும் 2 பக்கம் வந்துவிடும். உங்கள் வீட்டு லேப்டாப் 14 இன்ச் என்றால் 6 இன்ச் பலகையே பொருத்தம். 4 இன்ச் அகலத்தில் இன்னும் மலிவான பலகைகள் உண்டு. கையெழுத்துப் போடவும் ஆன்லைனில் கணக்குச் சொல்லிக்கொடுக்கவும் சரி, படம் வரையக் கை அடங்காது.

பெட்டி மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் 2048, 4096, 8192 என்ற எண்கள் அழுத்தத்தை எத்தனை படியாகப் பிரிக்கிறது என்பதைச் சொல்பவை. 8192 படியை விரல் பிரித்தறியாது. 2048 படியிலேயே மெல்லிய கோடு தடித்த கோடாக வழுக்கிக்கொண்டு போகும். பார்க்க வேண்டிய விஷயம் வேறு: எவ்வளவு மெல்லத் தொட்டால் பேனா விழிக்கிறது? கோவில்பட்டியில் கொண்டையராஜு வரைந்த காலண்டர் சாமிப் படங்களை நம் பக்கத்தில் பார்க்காத வீடு குறைவு. அந்த முகங்களில் கன்னத்து நிழல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. அந்த மாதிரி நிழலைக் கம்ப்யூட்டரில் கொண்டுவர வேண்டுமானால், இறகு படுவது போலத் தொடும்போதே பேனா பதில் சொல்ல வேண்டும். இந்தக் குணம் பெட்டி மேல் எழுதியிருக்காது. வாகாம் பேனாக்கள் இதில் நன்றாக இருக்கும். படியின் எண்ணிக்கை குறைவாக இருந்தும் அந்தப் பலகைகளைப் பலர் விடாமல் வாங்குவதற்கு ஒரு காரணம் அது.

மாடல்களை இப்படிப் பிரிக்கலாம். ஒன் பை வாகாம், மாடல் எண் சிடிஎல்-472, 152க்கு 95 மி.மீ., 2048 படி, பலகையில் பட்டன் எதுவும் கிடையாது, பேனாவில் இரண்டு பட்டன். டிரைவர் தொந்தரவு குறைவு. பழைய லேப்டாப், வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை என்றால் இதுவே என் முதல் சிபாரிசு. ஆனால் இதை ஆண்ட்ராய்டு போனில் மாட்ட முடியாது. ஹுயான் எச்640பி 160க்கு 99 மி.மீ., 8192 படி, இடது பக்கம் ஆறு பட்டன். அன்டூ, பெரிதாக்கு, பிரஷ் அளவு எல்லாவற்றையும் அந்தப் பட்டன்களில் வைத்துக்கொள்ளலாம். லேப்டாப் கீபோர்டு கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தால் இது பெரிய சௌகரியம். ஸ்டார் ஜி640-ல் பட்டன் இல்லை, மெலிசு, எடை குறைவு. காமோன் எஸ்620-ல் நான்கு பட்டன். லேப்டாப் ஒருவேளை தேறாது, போனில்தான் வரையப்போகிறாள் என்றால் வாகாமை விட்டுவிட்டு மற்ற மூன்றில் ஒன்றை எடுங்கள். பெட்டியில் ஆண்ட்ராய்டு என்று அச்சடித்திருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரே மாடலின் பழைய ஸ்டாக்கில் அந்த வசதி இல்லாமல் இருக்கலாம். போனில் ஓடிஜி வசதியும் (யுஎஸ்பி சாமான்களைப் போனில் மாட்டும் வசதி), ஐபிஸ் பெயின்ட் எக்ஸ் போல அழுத்தத்தை உணரும் செயலியும் வேண்டும். போனை நிமிர்த்தி வைத்தால் பலகையில் ஒரு குறுகிய பட்டை மட்டும்தான் உயிரோடு இருக்கும். படுக்கவைத்து ஆட்டோ ரொட்டேட்டைப் போட்டால் பரப்பு முழுசாகக் கிடைக்கும்.

பழைய பலகை மலிவாக வருகிறதே என்று கேட்பீர்கள். பேனாவோடு வந்தால் யோசிக்கலாம். பேனா தொலைந்த பலகை வெறும் தட்டு. ஒரு மாடலின் பேனா எல்லா மாடலுக்கும் ஆகாது, தனியாக வாங்கினால் பாதிப் பலகை விலையை அது கேட்டுவிடும். வாகாம் பாம்பூ வரிசை போன்ற பழையவற்றுக்குப் புதிய டிரைவர்களில் இடமில்லை.

ஆன்லைனில் வாங்கினால் ஜிஎஸ்டி பில்லை அன்றே இறக்கிப் போனில் ஒன்று, மெயிலில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு சில நாட்கள்தான், அதனால் வந்த அன்றே சோதித்துவிட வேண்டும்.

முதலில் டிரைவர். கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மாடல் பெயரைப் போட்டு இறக்குங்கள். லேப்டாப்பில் வேறு பென் டேப்லெட்டின் டிரைவர் முன்பே இருந்தால் அதை நீக்கி ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் புதியதைப் போட வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் ஒன்றையொன்று மறிக்கும். டிரைவர் போடாமலே மாட்டினாலும் அம்புக்குறி நகரும். அதை நம்பி அப்படியே வரையத் தொடங்குபவர்கள்தான் "அழுத்தம் வேலை செய்யவில்லை, பலகை ஓட்டை" என்று திருப்பி அனுப்புகிறார்கள். டிரைவர் போட்டும் கிரிட்டாவில் கோடு ஒரே தடிமனாக வந்தால், கான்ஃபிகர் கிரிட்டாவில் டேப்லெட் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போங்கள். அங்கே வின்டேப், விண்டோஸ் பாயின்டர் இன்புட் என்று இரண்டு வழி இருக்கும். பலகையின் டிரைவரில் விண்டோஸ் இங்க் போட்டிருந்தால் இரண்டாவது, போடவில்லை என்றால் முதலாவது. மாற்றிவிட்டு கிரிட்டாவை மூடித் திறக்க வேண்டும். அதே பக்கத்தில் டேப்லெட் டெஸ்டர் உண்டு, அழுத்தும்போது எண் ஏறி இறங்குகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். முனையை வைத்த இடத்தில் ஒரு வட்டம் சுழன்று கோடு தாமதமாகத் தொடங்கினால், அது விண்டோஸின் ரைட் கிளிக் ஏற்பாடு. கன்ட்ரோல் பேனலில் பென் அண்ட் டச் என்ற இடத்தில் பிரஸ் அண்ட் ஹோல்டை எடுத்துவிட்டால் போய்விடும்.

அடுத்த சோதனைக்கு ஒரு கண்ணாடி வளையல் போதும். பலகையில் வைத்து உள்விளிம்பை ஒட்டிப் பேனாவை ஓட்டச் சொல்லுங்கள். பிறகு திரையில் விழுந்த வட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பெரும்பாலும் வட்டமாக இருக்காது. 152க்கு 95 என்பது 16க்கு 10 விகிதம், லேப்டாப் திரை 16க்கு 9. பலகை முழுவதையும் திரை முழுவதோடும் டிரைவர் பொருத்தும்போது அகலம் 2.04 மடங்கு ஆகிறது, உயரம் 1.83 மடங்குதான் ஆகிறது. பேனா ஓடிய வட்டம் 5.5 செ.மீ. என்றால் திரையில் குறுக்கே 11.2, மேலிருந்து கீழே 10.1 செ.மீ. முட்டை மாதிரி நிற்கும். நோட்டில் முகம் சரியாக வரைகிற பிள்ளை இதில் வரைந்தால் முகம் அகண்டுபோகும், தன் கைதான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். டிரைவரில் பலகையின் பரப்பைத் திரை விகிதத்துக்குப் பூட்டினால் கீழே 9.5 மி.மீ. பட்டை ஒன்று செத்துப்போகும், வட்டம் வட்டமாகிவிடும். வாகாமில் இதற்கு ஃபோர்ஸ் ப்ரொபோர்ஷன்ஸ் என்று பெயர், மற்றவற்றில் வொர்க் ஏரியா பக்கத்தில் இருக்கும். இந்த ஒரு டிக்கை முதல் நாளே போட்டுவிட வேண்டும். பின்னால் மாற்றினால் பழகிய கையை மறுபடி பழக்க வேண்டிவரும்.

மூன்றாவது சோதனை நடுக்கம். பிளாஸ்டிக் ஸ்கேலைச் சாய்வாக வைத்து மிக மெதுவாக ஒரு கோடு இழுக்க வேண்டும். ஸ்டீல் ஸ்கேல் கூடாது, இரும்பு புலத்தைக் குழப்பும். கோடு நெளிந்தால் உடனே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். எர்த் சரியில்லாத பிளக்கும் மலிவு சார்ஜரும் சேர்ந்தால் அந்த மின் இரைச்சல் வயர் வழியாகப் பலகைக்கு வந்து கோட்டைப் பூச்சி மாதிரி நெளிய வைக்கும். பக்கத்தில் சார்ஜ் ஏறும் போன், காந்தம் வைத்த போன் கவர், ஸ்பீக்கர், பலகைக்கு அடியில் இரும்பு மேஜை எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை. மரப் பலகை மேல் வைத்து, சார்ஜர் இல்லாமல், வேறு யுஎஸ்பி ஓட்டையில் மாட்டியும் நெளிந்தால் குறை பலகையில்தான். அப்போது வீடியோ எடுத்து மாற்றிக் கேளுங்கள். நான்கு மூலைகளிலும் கோடு இழுத்துப் பார்ப்பதும், வயரை முனையில் லேசாக அசைத்து இணைப்பு அறுகிறதா என்று பார்ப்பதும் இதோடு சேர்ந்தவை.

உட்காரும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், பாதிப் பேர் விடுவது இங்கேதான். லேப்டாப்பின் வலது பக்கம், மவுஸ் இருக்கும் இடத்தில் பலகையை வைப்பார்கள். கை தானாகவே அதைச் சற்றுத் திருப்பிக்கொள்ளும். பலகை பத்து டிகிரி திரும்பியிருந்தால், நேராக இழுக்கும் ஒவ்வொரு கோடும் திரையில் பத்து டிகிரி சாய்ந்து விழும். பலகை திரைக்கு நேர் எதிரே, உடம்பின் நடுவில், திரையின் விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும். மேஜை இருந்தால் லேப்டாப்பைப் பின்னால் தள்ளி முன்னால் பலகை. தார்சாவில் பாய் விரித்து உட்காருவதுதான் வழக்கம் என்றால் லேப்டாப்பை ஒரு ஸ்டூல் மேல் கண் மட்டத்துக்கு ஏற்றிவிட்டு, மடியில் பரீட்சை அட்டை வைத்து அதன் மேல் பலகை. அட்டையின் இரும்பு கிளிப் பலகைக்கு அடியில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் உள்ளங்கை வேர்த்துப் பலகையில் ஒட்டும், கோடு நடுவில் தடைபடும். இதற்கென்று இரண்டு விரல் கையுறை விற்கிறார்கள். பழைய காட்டன் சாக்ஸை வெட்டிச் சுண்டுவிரலும் மோதிர விரலும் மூடும்படி மாட்டினாலும் அதே வேலைதான்.

பலகையில் கை, திரையில் கண் என்பது முதல் இரண்டு வாரம் படுத்தும். குனிந்து கையைப் பார்க்கக் கூடாது. பழக்கத்துக்கு வட்டமும் கோடும் போடச் சொல்வார்கள். நம் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடம் வாசலிலேயே இருக்கிறது. கிரிட்டாவில் ஒரு லேயரில் ஐந்து புள்ளி ஐந்து வரிசை வைக்கச் சொல்லுங்கள். அதைப் பூட்டிவிட்டு, மேலே இன்னொரு லேயரில் சிக்குக் கோலத்தின் கம்பியைப் பேனாவை எடுக்காமல் ஓட்ட வேண்டும். கம்பி புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர வேண்டும் என்பதால் கை எவ்வளவு தப்புகிறது என்பதை அதுவே காட்டிவிடும். இரண்டு பக்கமும் புள்ளிக்குச் சம தூரத்தில் வளைவு போகிறதா, திருப்பத்தில் கோணல் விழுகிறதா என்று பார்த்தாலே போதும். தினம் இருபது நிமிஷம், ஒரே கோலம். முதல் நாள் படத்தையும் பத்தாம் நாள் படத்தையும் சேமித்து வைத்தால் வித்தியாசம் தெரியும். கிரிட்டாவில் பிரஷ் ஸ்மூத்திங்கில் வெயிட்டட் என்று வைத்தால் நடுக்கம் அடங்கும். அதே இடத்தில் இருக்கும், நடுக்கத்தை இன்னும் பலமாக அடக்கும் ஸ்டெபிலைசரை அதிகம் ஏற்றிவிட்டால் கோடு பேனாவுக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்த மாதிரி வரும், பழகும் காலத்தில் அது வேண்டாம். பேனாவை அழுத்தி அழுத்தி வரைகிறாள் என்றால் டிரைவரில் அழுத்த வளைவை மென்மைப் பக்கம் நகர்த்துங்கள். மணிக்கட்டும் பேனா முனையும் தேயாமல் இருக்கும்.

பராமரிப்பில் மூன்று விஷயம். பேனாவைக் கீழே போடாமல் இருப்பது முதலாவது. உள்ளே அழுத்தத்தை அளக்கும் பாகம் அடிபட்டால், தொடாமலே கோடு விழத் தொடங்கும், அதைச் சரிசெய்ய வழியில்லை. முனை கீழே இருக்கும்படி டம்ளரில் போட்டு வைக்காமல் படுக்கவைக்க வேண்டும். இரண்டாவது முனை. அது தேயும் பொருள்தான், கூடவே உதிரி முனைகள் வரும். ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்து விளிம்பு கூர்மையாகிவிட்டால் பலகையில் கீறல் போடும், அதற்கு முன்பே சின்ன வளையக் கிளிப்பால் இழுத்து மாற்றிவிடுங்கள். மூன்றாவது வயர் மாட்டும் ஓட்டை. பழைய மாடல்களில் மைக்ரோ யுஎஸ்பி. வயரோடு சேர்த்துப் பையில் திணித்தால் சீக்கிரம் ஆட்டம் கண்டுவிடும். எல் வடிவ முனை உள்ள வயர் போட்டால் மடங்காது. அப்படியே தளர்ந்துபோனாலும் வாரண்டி முடிந்த பிறகு என்றால், போன் சார்ஜிங் ஓட்டை மாற்றும் மொபைல் கடையில் அதையும் மாற்றிவிடுவார்கள்.

லேப்டாப்பின் பேட்டரி செத்திருந்தால் கரண்ட் போகும்போது படமும் போகும். லேயர்களோடு வைத்துக்கொள்ள கிரிட்டாவின் சொந்தக் கேஆர்ஏ கோப்பாகவும், அனுப்பிக்கொள்ள பிஎன்ஜியாகவும் சேமிக்கலாம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இடது கை கண்ட்ரோல் எஸ் தட்டுவதைச் சேர்த்தே பழகட்டும்.

முதல் முழுப் படத்துக்கு வெற்றுத் திரையோடு உட்காரச் சொல்லாதீர்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளுக்குப் பிடித்த ஒரு படத்தைப் பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து போனில் எடுத்து லேப்டாப்புக்கு மாற்றுங்கள். கிரிட்டாவில் அதை அடி லேயராக வைத்து, படம் மங்கலாகும்படி ஒபாசிட்டியை 30 சதவீதத்துக்குக் குறைத்து, மேலே புது லேயர் திறந்து அந்தப் பென்சில் கோடுகள் மேலேயே பேனாவை ஓட்டட்டும். கண்ணும் மூக்கும் எங்கே என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும், எனவே கவனம் முழுவதும் கோட்டின் தடிமனில் இருக்கும். முடித்ததும் அடி லேயரின் கண் குறியை அணைத்தால் திரையில் நிற்பது அவள் கோடு மட்டும்.